புல் வெட்டும் தொழிலில் நாள் ஒதுக்குவது எப்படி: தனியாளாக, சின்ன அளவில் நடத்துபவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒருவரோ இரண்டு பேரோ சேர்ந்து நடத்தும் புல் வெட்டும் தொழிலில் வேலையைக் கற்றுக்கொள்வது பெரிய கஷ்டமில்லை. மெஷின் பழகிவிடும், டிரிம்மர் பழகிவிடும், நடைபாதை ஓரத்தை நேராக வெட்டவும் சில வாரங்களில் கை வந்துவிடும். ஆளைத் திணறடிப்பது ஃபோன்தான். "வியாழன் வர முடியுமா?", "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்", "சனிக்கிழமை வீட்டில் பிறந்தநாள், அதற்குள் வெட்டித் தர முடியுமா?", "காலையிலேயே முதல் ஆளாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்களேன்". தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் எல்லாவற்றுக்கும் அந்த நிமிஷமே சரி சொல்லிக்கொண்டே போனால், ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வண்டி ஓட்டுவதிலேயே நாள் கரைந்துவிடும்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகிறது: "உங்களுக்கு எந்த நாள் வசதி?" என்று வாடிக்கையாளரிடம் கேட்பதை நிறுத்துங்கள். வாரத்தை முதலில் நீங்கள் கட்டி வையுங்கள், அதற்குள் இருக்கும் இடத்தை அவர்களுக்குக் கொடுங்கள். இது அவர்களை மதிக்காமல் நடப்பது போலத் தோன்றலாம். உண்மையில் சொன்ன நாளில் சொன்னபடி வந்து நிற்பவரைத்தான் யாரும் மாற்ற நினைப்பதில்லை, அப்படி வந்து நிற்க வேண்டுமென்றால் நாட்கள் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.

1. ஒரு நாளில் எத்தனை வீடு என்று முதலில் கணக்குப் போடுங்கள்

பலரும் இதைச் செய்வதே இல்லை. "ஒரு பத்து வீடு முடிக்கலாம்" என்று மனக்கணக்கில் ஓட்டுகிறார்கள், அப்புறம் கடைசி இரண்டு வீட்டுக்கு இருட்டியபின் போய் நிற்கிறார்கள் அல்லது மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்புகிறார்கள்.

கணக்கு எளிது. தள்ளிக்கொண்டு போகும் சாதாரண மெஷினின் வெட்டு அகலம் சுமார் 53 செ.மீ. மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடந்தால், காகிதத்தில் ஒரு மணி நேரத்துக்கு 2,120 சதுர மீட்டர் வரும். ஆனால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் கொஞ்சம் மேல்படிய வெட்ட வேண்டும், மூலையில் திருப்ப வேண்டும், பையைக் காலி செய்ய வேண்டும். அதனால் 1,500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அப்படியானால் 500 சதுர மீட்டர் புல்வெளிக்கு வெட்டும் நேரம் மட்டும் 20 நிமிடம். மரத்தடி, வேலியோரம் எல்லாம் டிரிம்மர் போட 10 முதல் 15 நிமிடம், பாதையில் விழுந்ததை ஊதித் தள்ள 5 நிமிடம், வண்டியிலிருந்து இறக்கி ஏற்ற இன்னொரு 5 நிமிடம். ஆக ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம். அடுத்த வீட்டுக்குப் போக 10 நிமிடம் சேர்த்தால் 55 நிமிடம்.

எட்டு வீடு என்றால் 7 மணி 20 நிமிடம். சாப்பாடு, பெட்ரோல், ஒருவர் வாசலில் நிறுத்திப் பேசுவது எதுவும் இதில் இல்லை. எனவே எட்டு வீடு முடிக்க முடிகிற நாளில் ஏழு வீட்டுக்குத்தான் வாக்குக் கொடுக்க வேண்டும். உங்கள் மெஷினுக்கும் உங்கள் வீடுகளின் அளவுக்கும் இந்த எண்கள் மாறும், அதனால் இரண்டு வாரம் ஒவ்வொரு வீட்டிலும் வண்டி நின்ற நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் குறித்து வையுங்கள். மற்றவர் சொன்ன சராசரியைவிட இந்தக் குறிப்பு ஆயிரம் மடங்கு உதவும்.

இப்போது வாரக் கணக்கு. வாரம் 5 நாள், நாளுக்கு 7 என்றால் 35 இடம். முப்பத்தைந்தையும் நிரப்பிவிடாதீர்கள். 28 அல்லது 30 வரை நிரப்பி, வெள்ளிக்கிழமை பிற்பகலை முழுசாகக் காலியாக விடுங்கள். மழை, மெஷின் கோளாறு, காய்ச்சல், பிறந்தநாள் பார்ட்டி எல்லாம் அந்தக் காலி இடத்தில்தான் போய் உட்காரும். வருமானத்தை விடுகிறோமே என்று கை துறுதுறுக்கும். ஆனால் வெள்ளிக்கிழமையும் நிரம்பிய வாரத்தில் செவ்வாய் ஒரு நாள் மழை பெய்தால் புதன், வியாழன், வெள்ளி மூன்றுமே சரியும், ஏறக்குறைய வாடிக்கையாளர் அத்தனை பேரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

2. நாளை ஆளுக்குக் கொடுக்காதீர்கள், பகுதிக்குக் கொடுங்கள்

வரைபடத்தில் உங்கள் வீடுகளைப் புள்ளி வையுங்கள். இயல்பாகவே நான்கைந்து கொத்தாகத் தெரியும். ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு நாள். வடக்குப் பக்கம் திங்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் செவ்வாய், இப்படி. வண்டி ஓடும் நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை என்பதால், ஒரே தெருவில் நான்கு வீடு இருப்பது நாலு தெருவில் நான்கு வீடு இருப்பதைவிட எப்போதும் லாபம்.

ஏற்கெனவே வாடிக்கையாளர்கள் கண்டபடி பரவிக் கிடந்தால் ஒரே நாளில் எல்லாரையும் நகர்த்த வேண்டாம். வளரும் பருவம் தொடங்கும் முன் ஒரு தடவை, எல்லாருக்கும் ஒரே மாதிரி மெசேஜ் போகட்டும்: "இந்தப் பருவத்திலிருந்து உங்கள் பகுதிக்குச் செவ்வாய்க்கிழமை வருகிறேன். செவ்வாய் உங்களுக்குச் சரிப்படாத காரணம் ஏதாவது இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்." இந்த வாக்கியத்தின் அமைப்பைக் கவனியுங்கள். சரியா என்று கேட்கவில்லை. நாளைச் சொல்லிவிட்டு, தடை இருந்தால் மட்டும் பேசச் சொல்கிறது. பெரும்பாலானவர்கள் "சரி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள், ஏனென்றால் புல் செவ்வாய் வெட்டப்படுகிறதா புதன் வெட்டப்படுகிறதா என்பது பலருக்கும் பொருட்டே இல்லை. அவர்களுக்கு வேண்டியது எப்போது வருவார் என்று தெரிந்திருப்பது.

உண்மையான காரணம் உள்ளவர்கள் இருப்பார்கள். இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குபவர், ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் நாயைக் கட்டிப்போட ஆள் உள்ளவர், வீட்டிலேயே வகுப்பு நடத்துபவர். இவர்களுக்காக வளையலாம், வளையவும் வேண்டும். ஆனால் அவர்களுக்கும் அடுத்த பகுதியின் நாளைக் கொடுங்கள், அதாவது பக்கத்துக் கொத்து எந்த நாளோ அந்த நாள். தனியாக ஒரு நாளை யாருக்காகவும் உருவாக்காதீர்கள்.

நாளைச் சொல்லுங்கள், மணியைச் சொல்லாதீர்கள். மிஞ்சிப்போனால் "காலையில்" அல்லது "மதியத்துக்கு மேல்". கட்டாயம் நேரம் வேண்டும் என்றால் 2 அல்லது 3 மணி நேர இடைவெளியாகச் சொல்லுங்கள். "பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டால் பத்தரைக்கு நீங்கள் தாமதம், "பத்திலிருந்து ஒன்றுக்குள்" என்று சொன்னால் பன்னிரண்டரைக்கும் நீங்கள் சொன்ன நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள்.

3. எந்த வழியில் வந்தாலும் ஒரே இடத்தில் சேர வேண்டும்

ஒருவர் ஃபோனில் கேட்பார், ஒருவர் வாட்ஸ்அப்பில், ஒருவர் நீங்கள் மெஷின் ஓட்டிக்கொண்டிருக்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையைக் காட்டிக் கூப்பிடுவார். தொலைந்துபோவது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கவே வேண்டாம். "கண்டிப்பாகப் பார்க்கிறேன், மறக்காமல் இருக்க ஒரு மெசேஜ் மட்டும் போட்டுவிடுங்கள்" என்று அவரிடமே கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வயதானவர், மெசேஜ் பழக்கமில்லை என்றால் அங்கேயே ஃபோனை எடுத்து உங்களுக்கு நீங்களே குரல் பதிவு ஒன்று அனுப்பிக்கொள்ளுங்கள்.

சேரும் இடம் ஒரு நோட்டுப்புத்தகமாகவும் இருக்கலாம், ஃபோனில் ஒரு பட்டியலாகவும் இருக்கலாம். முக்கியம் என்னவென்றால் பட்டியல் வேறு, காலண்டர் வேறு. கேட்டது எல்லாம் பட்டியலுக்குப் போகும், நீங்கள் ஒப்புக்கொண்டது மட்டும் காலண்டருக்குப் போகும். இரண்டையும் கலந்துவிட்டால் "இது முடிவானதா, சும்மா கேட்டதா" என்ற குழப்பம் வரும், அதில்தான் ஒரே நேரத்தில் இரண்டு வீட்டுக்கு வாக்குக் கொடுப்பது நடக்கிறது.

வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருந்தால் அதில் மூன்று வசதி நிஜமாகவே வேலைக்கு ஆகும். லேபிள்: "புதிது", "பதில் சொல்லணும்", "நாள் மாற்றம்" என்று உரையாடலுக்கு நிறம் குத்தலாம். விரைவுப் பதில்: அடிக்கடி அனுப்பும் மெசேஜைச் சேமித்துவைத்து ஒரு சின்னச் சொல்லில் வரவழைக்கலாம். மூன்றாவது, நீங்கள் இல்லாத நேரத்தில் தானாகப் போகும் பதில்: "வேலையில் இருக்கிறேன், மாலை 6 மணிக்கு மேல் பதில் சொல்கிறேன்." இந்த ஒரு வரி பாதி அவசரத்தைத் தணித்துவிடும். மெசேஜ் வரும்போதெல்லாம் மெஷினை நிறுத்துவது நேரத்துக்குக் கேடு, ஓட்டிக்கொண்டே பார்ப்பது கைக்கு ஆபத்து, கவனம் மெஷினில் இருக்க வேண்டும். மதியம் ஒரு தடவை, மாலை ஒரு தடவை பாருங்கள், போதும்.

எல்லா வாடிக்கையாளரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும், அது சரியில்லை. தவிர ஒருவர் நாள் மாற்றிக் கேட்டதும் மற்ற ஐந்து பேருக்கும் அதே ஆசை வரும். பிராட்காஸ்ட் பட்டியல் பயன்படுத்துங்கள், ஒரே மெசேஜ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போய்ச் சேரும் என்பதால், புது வாடிக்கையாளரிடம் முதல் நாளே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

4. புது ஆளிடம் நாள் பேசுவதற்கு முன் கேட்க வேண்டியவை

நாள் பேசுவது கடைசியில். அதற்கு முன் முகவரி (எந்தக் கொத்தில் விழுகிறது என்று பார்க்க), முன்னும் பின்னும் எடுத்த ஒன்றிரண்டு படம், புல் இப்போது எவ்வளவு உயரம், கேட் எவ்வளவு அகலம், நாய் உண்டா, தானியங்கித் தண்ணீர் தெளிப்பான் உண்டா, உண்டென்றால் எந்த நாட்களில் ஓடுகிறது. கேட் அகலம் ஏன் என்று தோன்றும். பெரிய மெஷின் வைத்திருப்பவர்கள் பின்பக்கக் கேட்டில் நுழையாமல் நின்றுபோய், சின்ன மெஷினால் முழுசும் வெட்டி, 45 நிமிட வேலை ஒன்றரை மணி நேரம் ஆன கதையைச் சொல்வார்கள். அன்றைய வரிசை முழுக்க அதனால் தள்ளிப்போகும்.

தெளிப்பான் விஷயமும் நேராக அட்டவணையைத் தொடுகிறது. செவ்வாய் காலை நீங்கள் போகும் வீட்டில் செவ்வாய் விடியற்காலை தண்ணீர் பாய்ந்திருந்தால் ஈரப் புல்லைத்தான் வெட்டுவீர்கள். திங்கள் இரவும் செவ்வாய் காலையும் ஓடாதபடி மாற்றிவைக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, புல்தரை புதிதாகப் போட்டதா என்று கேளுங்கள். புதுப் புல்தரை வேர் பிடிக்க வழக்கமாக 2 முதல் 3 வாரம் ஆகும், ஓரத்தை மெல்லத் தூக்கிப் பார்த்தால் எழும்பி வரக் கூடாது. அதற்கு முன் "சீக்கிரம் வந்து வெட்டுங்கள்" என்று கேட்டாலும் போகாதீர்கள். களைக்கொல்லி அடித்திருந்தாலும் அப்படித்தான், அடித்த நாளுக்கு முன்னும் பின்னும் பொதுவாக 2 நாளாவது வெட்டாமல் விட வேண்டும், எவ்வளவு என்பது டப்பாவின் லேபிளில் இருக்கும். வேறு ஒருவர் வந்து மருந்து அடிக்கிறார் என்றால் அவர் எந்த நாள் வருவார் என்பதையும் குறிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்பதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, தெளிவாகப் பேசாவிட்டால் காசுத் தகராறாக வந்து நிற்கும். "மாதம் இரண்டு தடவை" என்பதும் "இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை" என்பதும் ஒன்றல்ல. முதலாவது வருடத்துக்கு 24, இரண்டாவது 26. அட்டவணைக்கு ஏற்றது இரண்டாவதுதான், காலண்டரில் தானாகத் திரும்பத் திரும்ப வரும்படி போட்டுவிடலாம். அப்படிப் போடும்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருபவர்களை ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று சமமாகப் பிரியுங்கள். கவனிக்காமல் விட்டால் எல்லாரும் ஒரே வாரத்தில் குவிந்து, ஒரு வாரம் மூச்சு விட முடியாமலும் அடுத்த வாரம் காற்று வாங்கிக்கொண்டும் இருப்பீர்கள்.

5. பதில் சொல்லும் முறை

அந்த இடத்திலேயே சரி சொல்லும் பழக்கத்தை விடுங்கள். "காலண்டர் பார்த்துவிட்டு மாலைக்குள் சொல்கிறேன்" என்பது முழுமையான, மரியாதையான பதில். மாலைக்குள் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லும்போது திறந்த கேள்வியாக இல்லாமல் ஒன்று அல்லது இரண்டு வாய்ப்பாகக் கொடுங்கள். "உங்கள் பகுதிக்கு நான் செவ்வாய் வருகிறேன். வரும் செவ்வாய் ஒரு இடம் இருக்கிறது, அல்லது அதற்கடுத்த செவ்வாய். எது வசதி?" மூன்றாவது வாய்ப்பு வேண்டாம், பேச்சு நீளும்.

அவர் ஒப்புக்கொண்டதும் உறுதி மெசேஜ் ஒன்று. நாள், காலையா பிற்பகலா, என்ன வேலை, எவ்வளவு காசு, மழை வந்தால் என்ன ஆகும், ஐந்தும் ஒரே மெசேஜில். பின்னால் "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று யார் சொன்னாலும் மேலே தள்ளிப் பார்த்தால் இருக்கும்.

6. "இந்த வாரம் வேண்டாம்"

இதுதான் இந்தத் தொழிலில் அதிகம் வரும் கேள்வி, அதிக நஷ்டம் தருவதும் இதுதான். மற்றதைவிட இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வாடிக்கையாளர் பார்வையில் ஒரு வாரம் விட்டால் ஒரு வாரக் காசு மிச்சம். புல் பார்வையில் அப்படி இல்லை. ஒரு தடவைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்பது புல்வெளிப் பராமரிப்பில் எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி. அதற்கு மேல் வெட்டினால் இலைப்பகுதி குறைந்து வேர் பலவீனமாகும், மஞ்சளடிக்கும். 6 செ.மீ. உயரத்தில் வைத்திருக்கும் புல்லை 9 செ.மீ. ஆகும்போது வெட்ட வேண்டும். வாரம் 3 செ.மீ. வளரும் பருவத்தில் இது கச்சிதமாக வாரம் ஒரு தடவை வரும். ஒரு வாரம் விட்டால் 12 செ.மீ. அதைத் திரும்ப 6-க்கு இறக்கினால் பாதியை வெட்டுகிறீர்கள். விதிப்படி இந்தத் தடவை 8-க்குத்தான் இறக்க முடியும், அடுத்தடுத்த தடவைகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் 6-க்கு வர வேண்டும். வெட்டும் வேகமும் குறையும், வெட்டிய புல் கட்டி கட்டியாக விழும், அதை வாரி எடுக்க வேண்டும். முக்கால் மணி நேர வீடு ஒரு மணி நேரத்தைத் தாண்டும், அந்தக் கூடுதல் நேரம் அன்று மற்ற வீடுகளின் பங்கிலிருந்துதான் போகும்.

இதைச் சண்டையாகச் சொல்லாமல் தொடக்கத்திலேயே விதியாகச் சொல்லிவிடுங்கள். ஒரு வழி: வேகமாக வளரும் பருவத்தில் வாரத்தை விடுவதில்லை, விட்டால் அடுத்த தடவைக்குக் கூடுதல் கட்டணம். இன்னொரு வழி: பருவத்துக்கு இரண்டு தடவை காசில்லாமல் விடலாம், அதற்கு மேல் என்றால் கூடுதல் கட்டணம். எனக்கு இரண்டாவது பிடிக்கும், மனிதர்களுக்கு வெளியூர் போவதும் செலவு இறுக்கமும் வரத்தான் செய்யும், கொஞ்சம் இடம் வைத்தால் உறவு நிற்கும். எதுவானாலும் 24 மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்பது மாறக் கூடாது. வண்டி வாசலில் வந்து நின்றபின் வேண்டாம் என்றால் வந்து போன செலவுக்கு ஒரு சிறு கட்டணம் வாங்குவது நியாயம்தான்.

விட்ட வாரத்தைக் காலண்டரில் குறிக்கும்போது கவனம். கூகுள் காலண்டரில் தொடர் நிகழ்வை நீக்கினால் "இந்த நிகழ்வு", "இதுவும் இதற்குப் பின் வருபவையும்", "எல்லா நிகழ்வுகளும்" என்று மூன்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டால் அந்த வீடு மீதிப் பருவம் முழுக்கச் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

நாள் மாற்றம் கேட்பவர்களுக்கு ஒரே கேள்விதான்: இந்த ஒரு வாரத்துக்கா, எப்போதுமா? ஒரு வாரத்துக்கு என்றால் வெள்ளி பிற்பகல் காலி இடத்தில் உட்கார வையுங்கள். எப்போதும் என்றால் பக்கத்துப் பகுதியின் நாள், அதில் இடமில்லை என்றால் இடம் வரும்வரை பழைய நாள். மூன்று மாதத்தில் நான்கு தடவை நாள் மாற்றுகிற ஒருவர் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், பெரும்பாலும் அவருக்கு வேறு நாள்தான் சரியாக இருக்கும், கேட்கத் தயங்கியிருப்பார்.

7. அவசரம் என்று வருபவை

வரும் சனிக்கிழமை பார்ட்டி, நாளை மறுநாள் வீட்டைப் பார்க்க ஆள் வருகிறார்கள், உள்ளாட்சியிலிருந்து புல் உயரத்துக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. மூன்றுமே நிஜமான அவசரம்தான். முடிவு செய்ய ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குள் அந்தப் பகுதிக்கு நான் எப்படியும் போகிறேனா? போனால் சேர்த்துக்கொள்ளலாம். போகவில்லை என்றால், வெள்ளி பிற்பகல் காலியா? காலி என்றால் கூடுதல் கட்டணத்தோடு கொடுக்கலாம். அதுவும் இல்லையா? இல்லை என்று சொல்லிவிட வேண்டும். வாரா வாரம் காத்திருக்கும் வழக்கமான வீட்டைத் தள்ளிவிட்டு, ஒரே தடவை கூப்பிடும் புது ஆளுக்கு அந்த இடத்தைக் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது.

8. மழை

ஈரப் புல்லை வெட்டினால் சக்கரம் தரையில் பள்ளம் போடும், புல் அடியில் ஒட்டி அடைக்கும், வெட்டு கிழிந்தாற்போல் இருக்கும், பூஞ்சை நோய் ஒரு வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குப் பரவ வாய்ப்பு கூடும், சரிவில் கால் வழுக்கும். ஆகவே மழை நாளில் நிறுத்துவதற்கு நீங்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. சங்கடம் எல்லாம் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது.

ஒரு நாள் மழை என்றால் அந்த நாளின் வீடுகளை மட்டும் காலி இடத்துக்கு நகர்த்துங்கள், மற்ற யாரையும் தொடாதீர்கள். ஏழு வீடும் வெள்ளி பிற்பகலில் அடங்காது, அதனால் அதற்குள் யாரை முதலில் வெட்டுவது என்று பாருங்கள்: வாராந்திர வீடுகள் முதலில், மீதி சனி காலைக்கு. இரண்டு நாள் தொடர்ந்து மழை என்றால் பொறுக்கி எடுப்பதை விட்டுவிட்டு, அட்டவணை முழுவதையும் இரண்டு நாள் பின்னால் தள்ளுங்கள். அப்போது எல்லாருக்கும் ஒரே மெசேஜ் போதும், "எனக்கு மட்டும் ஏன்" என்ற கேள்வி எழாது. மூன்று நாளுக்கு மேல் போனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருபவர்களில் புல் குறைவாக வளர்ந்த வீடுகளை அடுத்த வாரத்துக்கு மாற்றலாம், முன்னதாகக் கேட்டுக்கொண்டு.

முடிவு எடுக்கும் நேரம் ஒன்று வேண்டும். காலை 6 மணிக்கு வானத்தையும் தரையையும் பார்த்து முடிவு, 7 மணிக்குள் மெசேஜ். அந்த மெசேஜில் புது நாள் கட்டாயம் இருக்க வேண்டும். "இன்று மழை, வர முடியவில்லை" என்று மட்டும் அனுப்பினால் ஏழு பேரும் "அப்போ எப்போ?" என்று திருப்பிக் கேட்பார்கள், ஏழு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவீர்கள். "இன்று மழையால் தரை ஈரமாக இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வெள்ளி பிற்பகல் வருகிறேன். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம்." அந்தக் கடைசி வரி முக்கியம், பதில் எழுத வேண்டிய கடமையிலிருந்து அவர்களை விடுவிக்கிறது.

இரவில் மட்டும் பெய்து காலையில் வெயில் வந்தால் நாளை ரத்து செய்ய வேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். வெயில் படும், மேடான வீடுகள் முதலில், நிழலும் பள்ளமும் உள்ளவை கடைசியில். மணி சொல்லாமல் நாளை மட்டும் சொல்லி வைத்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

9. முந்தைய நாள் மாலை ஒரு மெசேஜ்

"நாளை வருகிறேன். கேட் திறந்திருக்கட்டும், நாயை உள்ளே வையுங்கள், பொம்மைகளையும் ஹோஸையும் புல்லிலிருந்து எடுத்துவையுங்கள்." விரைவுப் பதிலில் சேமித்துவைத்தால் ஏழு வீட்டுக்கும் அனுப்பச் சில நிமிடம்தான் ஆகும். பூட்டிய கேட் முன்னால் நின்று ஃபோன் அடித்துக்கொண்டிருக்கும் பத்து நிமிடம் இதனால் மிச்சம், தவிர வேண்டாம் என்று சொல்ல நினைத்தவர் அன்று மாலையே சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் ஒரு படத்தோடு "முடிந்தது, அடுத்து 14-ம் தேதி" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். தேதி முன்கூட்டியே கையில் இருந்தால் "அடுத்து எப்போ வருவீங்க" என்ற கேள்வி வருவதில்லை.

10. இடமில்லை என்றால்

காத்திருப்போர் பட்டியல் வையுங்கள், அதையும் பகுதி வாரியாக. "இப்போது உங்கள் பகுதியில் இடம் நிரம்பிவிட்டது, ஒரு இடம் வந்ததும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்" என்று சொல்லி, உண்மையிலேயே சொல்லுங்கள். ஒரு பகுதியில் இந்தப் பட்டியல் ஏழெட்டுப் பேராக நீண்டால் அங்கே இன்னொரு நாள் திறக்கலாமா, ஒரு ஆளைச் சேர்க்கலாமா என்று யோசிக்க உங்களிடம் கணக்கு இருக்கிறது. மிகத் தொலைவில் தனியாக ஒரு வீடு கூப்பிட்டால், நல்ல காசு என்றாலும், போய் வரும் நேரத்தில் இந்தப் பக்கம் எத்தனை வீடு முடியும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முப்பது நாற்பது வீடு வரை நோட்டும் காலண்டரும் வாட்ஸ்அப்பும் தாராளமாகப் போதும். அதற்கு மேல் போகும்போதோ, இரண்டாவது ஆள் தனி வண்டியில் போகத் தொடங்கும்போதோ ஜாபர், யார்ட்புக் மாதிரி இந்த வேலைக்கென்றே உள்ள மென்பொருளைப் பாருங்கள். வரிசை போடுவது, நினைவூட்டல், பில் மூன்றும் ஒரே இடத்தில் வரும். ஆனால் பகுதி நாளும் மழை விதியும் வாரத்தை விடும் விதியும் உங்களிடம் இல்லாவிட்டால் மென்பொருளும் அதே குழப்பத்தை அழகான திரையில் காட்டும்.

11. பருவம் மாறும்போது

புல் வருடம் முழுக்க ஒரே வேகத்தில் வளர்வதில்லை. ஃபெஸ்க்யூ, ரை, கென்டக்கி ப்ளூகிராஸ் மாதிரியான குளிர்ப்பருவ வகைகள் ஏறத்தாழ 15 முதல் 24 டிகிரி செல்சியஸில் நன்றாக வளரும், கடும் வெயிலில் சோர்ந்துவிடும். அருகம்புல், சோய்சியா, செயின்ட் அகஸ்டின் மாதிரியான வெப்பப்பருவ வகைகளுக்கு 27 முதல் 35 டிகிரி உகந்தது, குளிரில் உறங்கிவிடும். உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் எந்த வீட்டில் எந்தப் புல் என்று ஒரு நிரல் இருந்தால், யாருக்கு எப்போது வாரம் ஒரு தடவையிலிருந்து இரண்டு வாரத்துக்கு மாற்றலாம் என்பது முன்பே தெரியும். வளர்ச்சி குறைவதை அவர்கள் கவனித்து "ஏன் வாரா வாரம் வருகிறீர்கள்" என்று கேட்கும் முன் நீங்களே எழுதுங்கள்: "அடுத்த மாதம் முதல் புல் மெதுவாக வளரும், அதனால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வருகிறேன், அதே செவ்வாய்தான். வேகம் கூடும்போது மறுபடி வாரம் ஒரு தடவையாக மாற்றுகிறேன்." இரண்டு வாரம் முன்னதாக அனுப்புங்கள். காலியாகும் இடங்களில் வேலிச் செடி வெட்டுவது, இலை வாருவது மாதிரி வேலைகளைக் கேட்டு வைத்திருந்தவர்களை ஞாயிற்றுக்கிழமை மாலை உட்கார்ந்து, பட்டியலைப் பார்த்து, பகுதி நாள் மாறாமல் நிரப்புங்கள்.